அதிகம் பேசப்படாத கால்பந்து வீரர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

ஹென்ரிக் மிகிதாரியன். ஆர்மீனியாக்காரர். ரசிகர்கள் 'மிக்கி' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெயரைக் கேட்டதும் பலருக்கு மான்செஸ்டர் யுனைடெட்டும் அந்தத் தேள் உதை கோலும் ஞாபகத்துக்கு வரும். 'நல்ல பிளேயர்தான், அங்கே எடுபடவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. இருபத்து நான்கு வயதுக்குள் ஒரே லீக் சீசனில் 25 கோல் போட்ட மனிதர், முப்பத்தைந்து வயதில் எதிரணி கோல் போஸ்ட்டை விட்டு வெகுதூரம் பின்னால் நின்று மற்றவர்கள் கோல் போட ஓடிக்கொண்டிருந்தார். அதை யார் மீதும் குறை சொல்லாமல் செய்தார். அந்த வயதில்தான் ஒரு பெரிய லீக்கின் சாம்பியன் பட்டத்தையும் வென்றார்.

முன்களத்தில் ஆடியவனைப் பின்னால் போய் நில் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கல்லூரி அணியில் முதல் வருடம் நான் ஃபார்வர்டு. இரண்டாம் வருடம் கோச் என்னை நடுக்களத்துக்கு மாற்றினார். கால் அதே கால், மைதானம் அதே மைதானம். ஆனால் கோலைப் பார்த்து நின்றவனுக்கு இப்போது எல்லோருடைய முதுகும்தான் தெரிந்தது. ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் மிக்கியின் கதையை அந்தக் கண்ணோடே படித்தேன், பார்த்தேன்.

கதை அவருடைய அப்பாவிடம் தொடங்குகிறது. ஹாம்லெட் மிகிதாரியன், 1980-களில் அராரத் யெரெவான் அணியின் ஸ்ட்ரைக்கர். சோவியத் காலத்தில் அராரத் என்பது சாதாரண கிளப் இல்லை. 1973-இல் சோவியத் லீக்கையும் கோப்பையையும் ஒரே வருடத்தில் வென்ற அணி அது. ஆர்மீனியர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். மிக்கி 1989 ஜனவரி 21-இல் யெரெவானில் பிறந்தார். அதே வருடம் ஹாம்லெட் பிரான்சில் வலன்ஸ் என்ற ஊரின் கிளப்பில் ஆடப் போனார், குடும்பமும் கூடவே போனது. அப்பா பயிற்சிக்குக் கிளம்பும்போதெல்லாம் தானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்த குழந்தை என்று மிக்கி தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஹாம்லெட்டுக்கு மூளையில் கட்டி. குடும்பம் ஆர்மீனியாவுக்குத் திரும்பியது. 1996-இல் அவர் இறந்தபோது வயது 33. மகனுக்கு ஏழு.

அம்மா மரீனா ஆர்மீனியக் கால்பந்து சம்மேளனத்தில் வேலை பார்த்தார். அக்கா மோனிகா பின்னாளில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பில் வேலைக்குச் சேர்ந்தார். பந்து அந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை. அப்பா ஆடிய ஆட்டங்களின் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்துத்தான் அவரைத் தெரிந்துகொண்டேன் என்கிறார் மிக்கி. ஏழு வயதுப் பையனுக்கு அப்பா என்றால் திரையில் ஓடும் ஒரு ஸ்ட்ரைக்கர். அவனும் முன்களத்தில்தான் நிற்க ஆசைப்பட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

பதின்மூன்று வயது வாக்கில் நான்கு மாதம் பிரேசிலுக்குப் போய் சாவ் பாவ்லோ கிளப்பில் பயிற்சி எடுத்தார். பாஷை தெரியாத ஊரில் கூச்ச சுபாவமுள்ள பையன். திரும்பி வரும்போது போர்ச்சுகீசு பேசினான். அவர் எந்த ஊருக்குப் போனாலும் இதேதான். ஆர்மீனியன், ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், இத்தாலியன் என்று பாஷைகள் சேர்ந்துகொண்டே போயின. சிலர் இதை ஒரு வேடிக்கைத் தகவலாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் அவருடைய ஆட்டத்துக்கும் சாவி. போன இடத்தில் அங்குள்ளவர்கள் மாதிரி ஆகிவிடும் குணம் அது.

யெரெவானின் பியூனிக் கிளப்பில் 2006 முதல் 2009 வரை வரிசையாக நான்கு லீக் பட்டங்கள். பிறகு உக்ரைனில் மெட்டலுர்க் டோனெட்ஸ்க். அங்கே 21 வயதிலேயே கேப்டன். அடுத்தது 2010-இல் அதே ஊரின் பெரிய கிளப்பான ஷாக்தார்.

ஷாக்தாரில் 2012-13 சீசன்தான் அவர் கோல் அடிப்பவராக உச்சத்தில் இருந்த காலம். 29 லீக் ஆட்டங்களில் 25 கோல், உக்ரைன் பிரீமியர் லீக்கில் அப்போது புதிய சாதனை. சுத்த ஸ்ட்ரைக்கராக நின்று அடித்த கோல்கள் அல்ல அவை. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நிற்பார். அந்த ஸ்ட்ரைக்கர் டிஃபெண்டர்களை இழுத்துக்கொண்டு நகர, காலியான இடத்துக்குள் மிக்கி ஓடி வருவார். பாக்ஸுக்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள், காத்திருக்கும் ஆளைக் கண்ணில் வைத்துக்கொள்ளலாம். ஓடி வருகிற ஆளைப் பிடிப்பது கஷ்டம். பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான்.

அந்த கோல்களைப் பார்த்த டான்பாஸ் அரீனா மைதானம் 2014-இல் போரில் குண்டு விழுந்து சேதமானது. ஷாக்தார் அன்றிலிருந்து சொந்த ஊரில் ஆடவில்லை. மெட்டலுர்க் டோனெட்ஸ்க் 2015-இல் இல்லாமலே போய்விட்டது. ஒருவர் வளர்ந்த இரண்டு கிளப்புகளில் ஒன்று அகதி, இன்னொன்று நினைவு மட்டும். அவருடைய கோல் தொகுப்பைப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் தெரியும் அந்தப் பளபளக்கும் காலரிகளைத்தான் என் கண் தேடும்.

நாட்டுக்காக அவர் ஆடியதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமை பெறாது. ஆர்மீனியாவின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். உலகக் கோப்பைக்கோ யூரோ கோப்பைக்கோ ஒருமுறைகூடத் தகுதி பெறாத நாடு. அவருக்கு முன்னால் அந்த நாட்டுக்காக அதிக கோல் அடித்தவரின் கணக்கு 11. மிக்கி 95 ஆட்டங்களில் 32.

மிக அருகில் போனது யூரோ 2012 தகுதிச் சுற்றில். 2011 அக்டோபர் 11, டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராகக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிளே-ஆஃப், அதாவது தகுதி பெற இன்னொரு கடைசி வாய்ப்பு. 26-வது நிமிடத்தில் ஆர்மீனிய கோல்கீப்பர் ரோமன் பெரெசோவ்ஸ்கி பாக்ஸுக்கு வெளியே ஓடி வந்து பந்தைத் தடுத்தார். கையால் தடுத்ததாக நடுவர் ரெட் கார்டைக் காட்டினார். பந்து பட்டது நெஞ்சில். ரீப்ளேயில் பளிச்சென்று தெரிந்தது, அதற்கு முன்பே ஓடி வந்த அயர்லாந்து வீரரின் கையில் பந்து பட்டதும் சேர்த்து. வீடியோ நடுவர் இல்லாத காலம். பத்துப் பேரோடு ஆடிய அணி சொந்த கோல் ஒன்றை வாங்கியது, 59-வது நிமிடத்தில் இன்னொன்றை வாங்கியது. மூன்று நிமிடம் கழித்து மிக்கி ஒன்றைத் திருப்பினார். 2-1. அவ்வளவுதான்.

அந்த அணியின் ஆட்டத்தை இப்போது போட்டுப் பார்த்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதே தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியாவை அவர்கள் ஊரிலேயே 4-0 என்று அடித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். அடுத்த தகுதிச் சுற்றிலும் டென்மார்க்கை கோபன்ஹேகனில் 4-0. இத்தாலியோடு நேப்பிள்ஸில் 2-2. இரண்டிலும் மிக்கியின் கோல் உண்டு. ஆனாலும் கதவு திறக்கவில்லை. 2022 மார்ச்சில் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார்.

சரி, கிளப்புக்கு வருவோம். 2013-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப் 2.75 கோடி யூரோ கொடுத்து அவரை வாங்கியது. அந்தக் கிளப் அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. போட்டிக் கிளப்பான பாயர்னுக்குப் போய்விட்ட மரியோ கோட்ஸேயின் இடத்தை நிரப்ப வந்தவர் என்ற சுமை வேறு. 2014 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, ரியல் மாட்ரிட்டோடு இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றிருந்த டார்ட்மண்ட் இங்கே 2-0 முன்னிலை. இன்னொரு கோல் போட்டால் கணக்கு சமம். மிக்கி பாக்ஸுக்குள் புகுந்து கோல்கீப்பர் கசியாஸையும் தாண்டிவிட்டார். எதிரே காலி கோல். பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது.

அதற்கு அடுத்த சீசன் மொத்த அணிக்கே மோசமானது. 2015 பிப்ரவரியில் டார்ட்மண்ட் லீக் பட்டியலின் கடைசி இடத்தில் இருந்தது. மிக்கியிடம் பந்து போனாலே ரசிகர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஷூட் பண்ண வேண்டிய இடத்தில் பாஸ் கொடுப்பார், பாஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் ஷூட் பண்ணுவார். யோசித்து யோசித்து ஆடும் ஆட்களுக்கு இப்படி ஒரு கட்டம் வரும். ஒவ்வொரு தப்பையும் அடுத்த ஆட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு போவார்கள்.

புதிய கோச் தாமஸ் டூகல் வந்தார். அவர் வைத்த நம்பிக்கைதான் தன்னை மாற்றியது என்று மிக்கி நன்றியோடு சொல்லியிருக்கிறார். 2015-16 சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 23 கோல். கொடுத்த அசிஸ்ட்டுகள், அதாவது மற்றவர் கோல் அடிக்கக் கொடுத்த கடைசிப் பாஸ்கள், அதற்கும் மேல். கோல் அடிப்பவர் என்ற அடையாளத்தோடு வந்தவர், அடிக்க வைப்பவராகவும் ஆனது இங்கேதான். என் கணக்கில் முதல் அடி பின்னால் எடுத்து வைத்ததும் இங்கேதான்.

2016-இல் மான்செஸ்டர் யுனைடெட், பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் ஆர்மீனியர். செப்டம்பரில் அதே ஊர் அணியான சிட்டியுடனான டெர்பியில் பாதி ஆட்டத்தோடு கோச் ஜோசே மொரீனியோ அவரை வெளியே எடுத்தார். அதன்பின் நவம்பர் கடைசி வரை பெரும்பாலும் பெஞ்ச் அல்லது வீடு. திரும்பி வந்து போட்ட முதல் கோல் எந்த ஊரில் தெரியுமா? உக்ரைனில், ஒடேசாவில். எதிரணி ஜோர்யா லுஹான்ஸ்க், அதுவும் போரால் சொந்த ஊரில் ஆட முடியாத கிளப்.

தேள் உதை அதே வருடம் டிசம்பர் 26-ஆம் தேதி, சண்டர்லாந்தோடு. நம் ஊரில் இரவு பத்து மணி தாண்டியிருக்கும், நான் வீட்டு ஹாலில் சத்தம் குறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் காயத்திலிருந்து திரும்பி சப்ஸ்டிட்யூட்டாக இறங்கியிருந்தார். இப்ராகிமோவிச் வலப்பக்கத்திலிருந்து கிராஸ் போட்டார். பந்து மிக்கிக்குக் கொஞ்சம் பின்னால் வந்துவிட்டது. அப்படியே முன்னால் விழுந்துகொண்டே குதிகாலைத் தலைக்குப் பின்னால் தூக்கி அடித்தார். நான் கத்திய கத்தலில் அம்மா எழுந்து வந்துவிட்டார். கொஞ்சம் ஆஃப்சைடு என்பது உண்மை, கொடி ஏறவில்லை.

அந்த கோல் அழகு. ஆனால் அதை மட்டுமே வைத்து அவரை ஞாபகம் வைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு. அதைவிட 2017 மே 24, ஸ்டாக்ஹோமில் அயாக்ஸோடு யூரோப்பா லீக் ஃபைனலில் போட்டது அவரை நன்றாகக் காட்டும். கார்னர், சக வீரர் ஸ்மாலிங்கின் தலையில் பட்டுக் கீழே வருகிறது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் மிக்கி திரும்பாமலே காலை வளைத்து உள்ளே தட்டிவிட்டார். 2-0, கோப்பை. மான்செஸ்டரில் குண்டு வெடித்து இரண்டே நாள் ஆகியிருந்தது. கொண்டாட்டத்திலும் ஒரு கனம் இருந்தது.

அடுத்த சீசனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் ஐந்து அசிஸ்ட் கொடுத்தவர், சில மாதத்தில் மறுபடி அணிக்கு வெளியே. 2018 ஜனவரியில் அலெக்சிஸ் சான்செஸுக்கு மாற்றாக ஆர்சனலுக்கு அனுப்பப்பட்டார்.

ஆர்சனல் காலத்தில் நெஞ்சில் நிற்பது அவர் ஆடாத ஆட்டம். 2019 மே 29, யூரோப்பா லீக் ஃபைனல் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில். கராபாக் என்ற பகுதி யாருக்கு என்ற பிரச்சினையால் ஆர்மீனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் இடையே அப்போது தூதரக உறவே கிடையாது. டார்ட்மண்டில் இருந்தபோதும் ஆர்சனலில் இருந்தபோதும் அஜர்பைஜானுக்குப் போக வேண்டிய ஆட்டங்களை அவர் விட்டிருக்கிறார். ஆனால் இது ஃபைனல். பாதுகாப்பை யோசித்து, குடும்பத்தோடும் கிளப்போடும் பேசிப் போவதில்லை என்று முடிவெடுத்தார். இப்படிப்பட்ட ஆட்டம் அடிக்கடி வராது, வலிக்கிறது என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு வீரர் போக முடியாத ஊரில் ஃபைனலை வைத்தது தப்பு என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆர்சனல் 4-1 என்று செல்சியிடம் தோற்றது.

அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். வெனிஸ் நகரை ஒட்டிய கடலில் சான் லாசரோ என்ற சின்னத் தீவு, அதில் ஆர்மீனியத் துறவிகளின் மடம். 1717-இல் அங்கே குடியேறிய மிகிதார் என்ற துறவியின் பெயரால் அவர்களை மிகிதாரியர்கள் என்பார்கள். ஆர்மீனிய மொழியில் அந்தப் பெயருக்கு ஆறுதல் தருபவர் என்று பொருள். 2020-இல் மகன் பிறந்தான். பெயர் ஹாம்லெட்.

ஆர்சனலுக்குப் பிறகு போன இத்தாலியின் ரோமா கிளப்பில் 2020-21-இல் 13 லீக் கோல், முன்களத்தில் கடைசியாக ஒரு நல்ல சீசன். பிறகு அங்கே கோச்சாக வந்தவர் யார் என்றால், அதே மொரீனியோ. பழைய கசப்பை இருவரும் ஓரம் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மிக்கியை நடுக்களத்தின் மையத்துக்கு நகர்த்தினார் மொரீனியோ. என்னுடைய கல்லூரி கோச் எனக்குச் செய்ததுதான். மிக்கிக்கு அப்போது வயது 33. முகம் சுளிக்காமல் ஆடினார். 2022 மே 25, டிரானாவில் கான்ஃபரன்ஸ் லீக்கின் முதல் ஃபைனல். காயத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், 17 நிமிடத்தில் மறுபடி காயம், வெளியே. ரோமா 1-0 என்று ஜெயித்தது.

அந்தக் கோடையில் இன்டர் மிலான் அவரை டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் எடுத்தது. பெஞ்சுக்கு அனுபவம் சேர்க்க எடுத்தார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நடுக்கள வீரர் மார்செலோ புரோசோவிச் காயப்பட, இன்னொரு நடுக்கள வீரர் சல்ஹானோலு அவர் இடத்துக்குப் பின்னால் போக, காலியான இடப்பக்க நடுக்களம் மிக்கிக்கு வந்தது. அதன்பின் அதை யாரும் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. தற்காப்புக்கு ஓடுவார், இடப்பக்கம் டிமார்கோ மேலே போனால் அவர் விட்டுப்போன இடத்தை மூடுவார், பந்து கிடைத்ததும் ஒரே பாஸில் முன்னால் தள்ளுவார். 2023 செப்டம்பரில் ஏசி மிலானை 5-1 என்று அடித்த டெர்பியில் அவருக்கு இரண்டு கோல். அந்த சீசனில் இன்டருக்கு 20-வது இத்தாலியப் பட்டம், பத்துப் பட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெர்சியில் இரண்டாவது நட்சத்திரம். பட்டம் உறுதியானதும் இன்னொரு மிலான் டெர்பியில்தான், 2024 ஏப்ரல் 22.

சாம்பியன்ஸ் லீக் கிடைக்கவில்லை. 2023 இஸ்தான்புல் ஃபைனலில் காயத்தால் பெஞ்சில் தொடங்கினார். 2025-இல் பார்சிலோனாவோடு அரையிறுதியின் முதல் ஆட்டம், 3-3 என்று நிற்கும்போது நான்காவது கோலை அடித்துவிட்டார். கோடு போட்டுப் பார்த்ததில் கால் விரல் நுனி மட்டும் ஆஃப்சைடு. டப்ளினில் இல்லாத வீடியோ நடுவர் இங்கே இருந்தார். இன்டர் எப்படியோ ஃபைனலுக்குப் போய் பாரிஸ் கிளப்பிடம் 5-0 என்று தோற்றது. 36 வயதில் முதல் நிமிடத்திலிருந்தே மைதானத்தில் இருந்தார்.

அவரை இதுவரை கவனித்துப் பார்க்காதவர்கள் ஒரே ஒரு கோலைத் தேடிப் பாருங்கள். 2023 மே 10, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ஏசி மிலானுக்கு எதிராக 11-வது நிமிடம். நம் ஊரில் நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம். பந்து இடப்பக்கம் டிமார்கோவிடம் இருக்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், மிக்கி எங்கே என்று பாருங்கள். பாக்ஸுக்கு வெளியே, பின்னால் இருப்பார். டிமார்கோ தரையோடு உள்ளே தள்ளுகிறார். முன்னால் நிற்கும் லௌதாரோ மார்டினெஸ் பந்தைத் தொடாமல் கால் இடுக்கில் விட்டுவிடுகிறார். டிஃபெண்டர்கள் எல்லோரும் லௌதாரோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நடுவில் ஒரு ஆள் ஓடி வருகிறார், டோனெட்ஸ்க்கில் வந்த அதே ஓட்டம்.